‘பதேதிக்’ சிம்பொனி: ஒலிப்பதிவுகளில் டெம்போவை அளந்து ஒப்பிடும் முறை

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனியான ‘பதேதிக்’கில் நான்கு மூவ்மென்ட்கள், அதாவது பெரும் பிரிவுகள். அவற்றில் கடைசியை நடத்துநர் யெவ்கெனி ம்ராவின்ஸ்கியும் லெனின்கிராட் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவும் 1960இல் வியன்னாவில் பதிவு செய்தார்கள். அது 10 நிமிடத்துக்குச் சில நொடிகள் முன்பே முடிந்துவிடும். அதே மூவ்மென்ட் நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1986இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவில் 17 நிமிடத்தைத் தாண்டுகிறது. சுரங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. கூடுதலாக வரும் ஏழு நிமிடமும் டெம்போவிலிருந்துதான், அதாவது வாசிக்கும் வேகத்திலிருந்துதான், வருகிறது.

ஆனால் உறையில் அச்சான மொத்த நேரத்தைப் பார்த்து “இது வேகம், அது மெதுவு” என்று தீர்ப்புச் சொல்வதில் பயன் அதிகம் இல்லை. ஒரே நீளமுள்ள இரண்டு பதிவுகள் கேட்பதற்கு முற்றிலும் வேறாக இருக்க முடியும். நேரம் எந்தப் பகுதியில் செலவானது, எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வேகம் எத்தனை மடங்கு மாறியது என்பவையே ஒரு பதிவின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றைக் காதால் ஊகிக்காமல் எண்ணாக எடுப்பதற்கான முறை இது.

இந்தச் சிம்பொனி இந்த வேலைக்குத் தோதானது. நிமிடத்துக்கு எத்தனை பீட் (தாளத் தட்டு) என்று சொல்லும் மெட்ரோனோம் எண், பகுதிதோறும் ஸ்கோரிலேயே (எல்லாக் கருவிகளுக்குமான இசைக்குறிப்பு ஏட்டிலேயே) அச்சாகியிருக்கிறது, ஆகவே ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கிறது. முதல் மூவ்மென்டில் எக்ஸ்பொசிஷனை (மெலடிகளை முதலில் அறிமுகம் செய்யும் பகுதியை) திரும்ப வாசிக்கச் சொல்லும் குறி இல்லை. பிராம்ஸ், ஷூமான், த்வோர்ஷாக் சிம்பொனிகளில் அந்தக் குறி பல இடங்களில் உண்டு. ஒருவர் அதை மதிப்பார், ஒருவர் விட்டுவிடுவார், ஒப்பீடு அங்கேயே குழம்பிப்போகும்.

தேவையானவை

ஸ்கோர் பதிப்புரிமை முடிந்தது, ஐஎம்எஸ்எல்பி என்ற இசை ஏடுகள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பார் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாள அலகு) எண் இல்லாத பழைய அச்சாக இருந்தால் ஐந்து பாருக்கு ஒருமுறை பென்சிலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. அதைத் தவிர்த்தால் பின்னால் பல மணி நேரம் போகும்.

மென்பொருளுக்கு, ஒலியைப் படமாகக் காட்டி அளக்க உதவும் சோனிக் விஷுவலைசர் போதும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதனுடன் ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட், காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன். சிம்பொனியின் முதல் சில பார்கள் டபுள் பாஸ்களும் தாழ்ந்த குரலில் பஸ்ஸூன் என்ற ஊதுகருவியும் மட்டுமே மிக மெல்ல வாசிப்பவை. மடிக்கணினி ஸ்பீக்கரில் அவை கேட்கவே கேட்காது, தொடக்கப் புள்ளியைத் தவறாகக் குறிப்பீர்கள்.

பதிவுகளில் குறைந்தது மூன்று வேண்டும். டெம்போவைத் தாராளமாக இழுத்தும் தள்ளியும் வாசிக்கும் மெங்கல்பர்க் (ஆம்ஸ்டர்டாம், 1937), இறுக்கிப் பிடிக்கும் டாஸ்கானினி (என்பிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, 1947), மேலே சொன்ன ம்ராவின்ஸ்கி, பெர்ன்ஸ்டைன் ஆகிய நான்கும் சேர்ந்தால் பரப்பு நன்றாக விரியும். ஒரே மனிதரின் மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் ஹெர்பர்ட் ஃபான் கராயன் இருக்கிறார்: 1939 முதல் 1984 வரை இதே சிம்பொனியை ஏழு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்தவர். நடத்துநர் ஒருவரே, ஆனால் பெர்லின், வியன்னா, லண்டன் என்று ஆர்க்கெஸ்ட்ராவும் மாறுகிறது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டிலிருந்து டிஜிட்டல் வரை தொழில்நுட்பமும் மாறுகிறது.

முதலில் சுருதியைச் சோதியுங்கள்

பழைய பதிவுகளுக்கு இது கட்டாயம். 78 தட்டு என்பது பெயருக்குத்தான் 78. பல தட்டுகள் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ சுழன்று வெட்டப்பட்டவை. மறுபதிப்பு செய்தவர் அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதியும் டெம்போவும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருக்கும். அரை சுரம் ஏறினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். 10 நிமிட மூவ்மென்டில் அது 36 நொடி. நடத்துநரின் “துடிப்பு” என்று நீங்கள் மெச்சுவது மோட்டாரின் பிழையாக இருக்கலாம்.

சோதிக்க எளிய இடம் முதல் மூவ்மென்டின் 89ஆம் பார். ம்யூட் (ஒலியை மங்கச் செய்யும் சிறு துண்டு) போட்ட வயலின்களும் செல்லோக்களும் புகழ்பெற்ற இரண்டாவது மெலடியை எஃப் ஷார்ப் சுரத்தில் தொடங்குகின்றன. ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் அந்த எஃப் ஷார்ப் 740 ஹெர்ட்ஸ், அதன் கீழ் ஸ்தாயி 370. ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் படத்தில்) அந்தக் கோட்டின் மேல் கர்சரை வைத்து எண்ணைப் படியுங்கள். 740க்குப் பதில் 762 வந்தால் பதிவு 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நீங்கள் அளக்கும் டெம்போக்கள் அனைத்தையும் 1.03ஆல் வகுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஆர்க்கெஸ்ட்ராவும் 440க்குச் சுருதி சேர்ப்பதில்லை. 442, 443, அதற்கு மேலும் போவது உண்டு. 1.5 சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். இருந்தது இருந்தபடி இருக்கட்டும்.

அளவுகோல்: ஸ்கோர் எவ்வளவு நேரம் கேட்கிறது?

சூத்திரம் ஒன்றுதான். பார்களின் எண்ணிக்கை × ஒரு பாரில் உள்ள பீட் × 60 ÷ நொடிகள் = சராசரி டெம்போ. அதையே திருப்பிப் போட்டால், மெட்ரோனோம் எண்ணிலிருந்து ஒரு பகுதி எடுக்க வேண்டிய நேரம் கிடைக்கும். முதல் மூவ்மென்டை இந்த எல்லைகளில் வெட்டிக்கொள்ளுங்கள். பாருக்கு நான்கு பீட், எண்கள் குவார்ட்டர் நோட்டுக்கு, அதாவது ஒரு பீட்டுக்கு. பெயர்கள் இத்தாலிய வேகக் குறிப்புகள்: அடாஜியோ மெதுவு, ஆண்டான்டே நடை வேகம், அலெக்ரோ விரைவு.

பார் 1–18, அடாஜியோ, 54: 1 நிமிடம் 20 நொடி
பார் 19–88, அலெக்ரோ நான் ட்ரோப்போ, 116: 2 நிமிடம் 25 நொடி
பார் 89–100, ஆண்டான்டே, 69: 42 நொடி
பார் 101–129, மொடராட்டோ மோஸ்ஸோ, 100: 1 நிமிடம் 10 நொடி
பார் 130–160, மீண்டும் ஆண்டான்டே 69, முடிவில் அடாஜியோ மோஸ்ஸோ 60: ஏறக்குறைய 1 நிமிடம் 50 நொடி
பார் 161–304, அலெக்ரோ வீவோ, 144: 4 நிமிடம்
பார் 305–334, ஆண்டான்டே, 69: 1 நிமிடம் 44 நொடி
பார் 335–354, ஆண்டான்டே மோஸ்ஸோ, 80: 1 நிமிடம்

கூட்டினால் 14 நிமிடம் 11 நொடி. இடையில் வரும் சிறு தளர்வுகளுக்கும், 304ஆம் பாரை நெருங்கும்போது வரும் பெரிய விரிவுக்கும் இடம் விட்டாலும் 15 நிமிடத்தை ஒட்டித்தான் நிற்கும். சந்தையில் கிடைக்கும் பதிவுகளில் இந்த மூவ்மென்ட் பெரும்பாலும் 17 முதல் 20 நிமிடம். ஆக, “வேகமானவர்” என்று பெயர் வாங்கிய நடத்துநர்கூட ஸ்கோரை விட மெதுவாகவே போகிறார். கூடுதலான இந்த இரண்டு முதல் ஐந்து நிமிடத்தை ஒவ்வொருவரும் எங்கே செலவழிக்கிறார் என்று தேடுவதுதான் நம் வேலை.

பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்கும்: தொடக்க அடாஜியோ, 89ஆம் பாரின் மெலடி. அறிமுகத்தின் 18 பார் 1:20க்குப் பதில் 2:05 எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 72 × 60 ÷ 125 = 34.6. ஸ்கோர் சொன்ன 54 எங்கே, இது எங்கே! பஸ்ஸூன் வாசிப்பவருக்கு 34இல் அந்தத் தொடர் மூச்சுச் சோதனை. சொற்றொடரின் நடுவில் மூச்சு வாங்க நேர்ந்தால் அது பதிவிலேயே கேட்கும்.

தட்டி அளப்பது

சோனிக் விஷுவலைசரில் ஆடியோவைத் திறந்து, புதிய ‘டைம் இன்ஸ்டன்ட்ஸ்’ லேயர் ஒன்றைச் சேர்க்கவும். ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் விசைப்பலகையின் அரைப்புள்ளி விசையை அழுத்துங்கள். அந்த நொடியில் ஒரு கோடு விழும். முடித்ததும் லேயரை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து ஸ்ப்ரெட்ஷீட்டில் அடுத்தடுத்த நேரங்களின் வித்தியாசத்தை எடுங்கள். 240ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்தால் நான்கு பீட் பாரின் டெம்போ. மூன்று பீட் பாருக்கு 180, ஐந்து பீட்டுக்கு 300.

வேகமான இடங்களில் பீட்டுக்குப் பீட் தட்டாதீர்கள். மனிதக் கையின் தடுமாற்றம் 30, 40 மில்லிநொடி இருக்கத்தான் செய்யும். 144இல் ஒரு பீட் 417 மில்லிநொடி; 40 தவறினால் கிட்டத்தட்ட 10 சதவீதப் பிழை, வரைபடம் ரம்பப் பல் போல இருக்கும். பாருக்கு ஒரு தட்டு என்றால் அதே தவறு 2.4 சதவீதமாகச் சுருங்கிவிடும். அடாஜியோவில் தலைகீழ்: ஒரு பார் 7, 8 நொடிகூட நீளும், பீட்டாகத் தட்டினால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

ஒரே பகுதியை மூன்று முறை தட்டிச் சராசரி எடுங்கள். முதல் முறை தட்டும்போது காது இசையின் பின்னால் ஓடும், விரல் தாமதமாக விழும். மூன்றாம் முறைக்குள் எங்கே இழுக்கப் போகிறார்கள் என்று மனப்பாடம் ஆகிவிடும். மென்பொருளில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் தட்டினாலும் பிழை குறையும். தானாக பீட் கண்டுபிடிக்கும் ப்ளக்-இன்களை ரொமான்டிக் காலத்து ஆர்க்கெஸ்ட்ராவில் நம்ப வேண்டாம். டிரம்ஸ் உள்ள பாட்டில் அழகாக வேலை செய்யும்; ம்யூட் போட்ட வயலின்கள் மெல்ல வீங்கி எழும் இடத்தில் பீட் எங்கே தொடங்குகிறது என்று அவற்றுக்குத் தெரிவதில்லை, இரட்டிப்பாகவோ பாதியாகவோ சொல்லிவிடும்.

வரைபடம் வந்ததும் இரண்டு விதமான அசைவுகளைப் பிரித்துப் பாருங்கள். சொற்றொடரின் முடிவில் சரிந்து அடுத்ததன் தொடக்கத்தில் மீளும் சரிவுகள் நடத்துநருடையவை. சொற்றொடரின் நடுவில் திடீரென்று 3, 4 சதவீதம் படி போல ஏறி அல்லது இறங்கி அப்படியே நிற்பது பெரும்பாலும் டேப்பை வெட்டி ஒட்டிய இடம்: காலையில் எடுத்த டேக்கும் மாலையில் எடுத்த டேக்கும் ஒட்டப்பட்டிருக்கும். அரங்கில் ஒலி அடங்கும் விதமும் அதே இடத்தில் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

78 தட்டுகளில் இன்னொரு தொல்லை. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 4 முதல் 4½ நிமிடம்தான். பக்கம் முடியும் இடத்தில் ஒரு தளர்வு, அடுத்த பக்கம் தொடங்கும்போது சற்றே வேறு டெம்போ என்பது வழக்கம். மறுபதிப்பில் ஒட்டு தெரியாமல் இணைத்திருப்பார்கள், ஆனால் வரைபடத்தில் தெரியும். 4 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் தளர்வுகளுக்கு இசைக் காரணம் தேடிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

161ஆம் பார்

எண்களைக் கேட்பதோடு இணைக்க இதைவிட நல்ல இடம் இந்தச் சிம்பொனியில் கிடையாது. 160ஆம் பாரில் மெலடியின் கடைசித் துணுக்கு பஸ்ஸூனுக்கு, ஆறு ‘பி’ (‘மெல்ல’ என்ற குறி; கூடக் கூட இன்னும் மெல்ல) போட்ட அடங்கிய ஒலியில் எழுதப்பட்டிருக்கிறது. (பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் பாஸ் கிளாரினெட் அதை வாசிக்கும், அவ்வளவு மெல்ல பஸ்ஸூனால் முடிவது கடினம்.) அடுத்த நொடி முழு ஆர்க்கெஸ்ட்ராவும் வெடிக்கும். பதிவுகளில் இந்த வெடிப்பு பெரும்பாலும் 9 முதல் 11 நிமிடத்துக்குள் வரும்.

இந்த அதிர்ச்சி வெறும் ஒலி அளவால் வருவது இல்லை. வெடிப்புக்கு முந்தைய எட்டு பாரின் டெம்போவையும் பிந்தைய எட்டு பாரின் டெம்போவையும் தனித்தனியே அளந்து விகிதம் எடுங்கள். ஸ்கோர்படி 60லிருந்து 144, அதாவது 2.4 மடங்கு. ஒரு நடத்துநர் முன்பகுதியை 40க்கு இழுத்துப் பின்பகுதியை 160இல் தொடங்கினால் நான்கு மடங்கு. பலருக்கு உடம்பு தூக்கிப்போடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 40இல் மெலடி சொற்றொடராக நிற்காமல் சுரம் சுரமாக உதிரும்; வெடிப்பு வரப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பது போன்ற ஒரு செயற்கை வந்துவிடும். 2.4ஐ ஒட்டி வாசிக்கும் பதிவுகளில் அந்த அடி எதிர்பாராத நேரத்தில் விழுவதாகத் தோன்றும். திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அதுவே தாங்கும் என்பது எங்கள் கட்சி.

வெடித்த பிறகு தந்திக் கருவிகள் ஒன்றையொன்று துரத்தும் ஃபுகாட்டோ வரும், பதினாறில் ஒரு பங்கு நோட்டுகளில், அதாவது பீட்டுக்கு நான்கு சுரமாக. 144இல் நொடிக்கு 9.6 சுரம். 160க்கு ஏற்றினால் 10.7. இந்த ஒரு சுர வித்தியாசத்தில்தான் பல பதிவுகள் உடைகின்றன. முதல் வயலின் தெளிவாக இருக்கும், வியோலா வரும்போது கூழாகிவிடும். அரங்கமும் சேர்ந்துகொள்ளும்: வியன்னா மியூசிக்ஃபெராயின் போன்ற அரங்கில் ஆள் நிறைந்திருக்கும்போதே எதிரொலி சுமார் 2 நொடி நிற்கும், பதிவுக்காகக் காலியாக இருந்தால் இன்னும் நீளும். அங்கே நொடிக்குப் பத்து சுரம் என்றால் ஒரு நேரத்தில் இருபது சுரம் காற்றில் மிதக்கிறது. அதனால் 152இல் வாசித்த வறண்ட ஸ்டுடியோப் பதிவு, 160இல் வாசித்த எதிரொலிக்கும் அரங்குப் பதிவை விட வேகமாகத் தோன்றுவது சாதாரணம். “வேகம்” என்ற சொல்லை எழுதும் முன் எண்ணைப் பாருங்கள். இரண்டு பதிவுகளின் ஒலி அளவையும் சமன் செய்த பின்பே ஒப்பிடுங்கள். உரக்க ஒலிப்பதும் துடிப்பாகத் தோன்றும்.

ஐந்து பீட் வால்ட்ஸ்

இரண்டாவது மூவ்மென்ட், அலெக்ரோ கான் கிராட்சியா, 5/4. பீட் 2+3 ஆகப் பிரிகிறது. கண்டசாபுவில் கை பழகியவர்களுக்கு ‘தக தகிட’ என்று உடனே பிடிபடும். 144 என்ற எண்ணுக்கு ஒரு பார் 2.08 நொடி. செல்லோக்கள் பாடும் முதல் எட்டு பாரை ஒரு ஸ்டாப்வாட்ச்சில் பிடியுங்கள்: 16.7 நொடி வந்தால் ஸ்கோரின் டெம்போ, 19 நொடி வந்தால் 126.

உண்மையான சோதனை ட்ரையோ எனப்படும் நடுப்பகுதியில். டிம்பனியும் பாஸ்களும் டி சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே ஒரு புலம்பல் இறங்கும். அங்கே மனநிலைக்குக் குறிப்பு இருக்கிறது, புதிய மெட்ரோனோம் எண் இல்லை. இருந்தும் பலர் 10 சதவீதமாவது தளர்த்துகிறார்கள். தளர்த்தினால் சோகம் கூடும், ஆனால் முதல் பகுதி திரும்பி வரும்போது வேகத்தை மீட்க வேண்டும், அந்த மீட்பு தையல் போலத் தெரியும். தளர்த்தாதவரிடம் ட்ரையோ நடனத்துக்குள்ளேயே வந்த இருளாகக் கேட்கும். இரண்டும் நியாயமே; எட்டு எட்டு பாராக இரு பக்கமும் அளந்தால் யார் எந்த வழி என்று தெரிந்துவிடும். மொத்த நேரத்தை மட்டும் இந்த மூவ்மென்டில் நம்பாதீர்கள், இங்கே திரும்ப வாசிக்கும் குறிகள் உண்டு.

மார்ச்சில் வரும் தடை

மூன்றாவது மூவ்மென்ட் 347 பார், அலெக்ரோ மோல்ட்டோ விவாச்சே, 152. கணக்குப்படி 9 நிமிடம் 8 நொடி. முதல் மூவ்மென்டுக்கு நேர் எதிராக, இங்கே பலர் ஸ்கோரை மிஞ்சுகிறார்கள். 8:20இல் முடிப்பவரின் சராசரி 167.

சிக்கல் இதுதான்: தொடக்கத்தில் தந்திகள் பீட்டுக்கு மூன்று மூன்றாக ஓடும் நோட்டுகள், 152இல் நொடிக்கு 7.6. அவற்றை மின்னலாக வாசிக்க ஆசைப்பட்டு 170இல் தொடங்கினால், பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் மார்ச்சை முழங்கும்போது அதற்குக் கனம் இருக்காது. உடனே நடத்துநர் பிரேக் போடுவார். மார்ச்சுக்காக டெம்போவைக் குறைக்கச் சொல்லி ஸ்கோரில் எதுவும் இல்லை. மூவ்மென்டின் முதல் ஒரு நிமிடத்தின் சராசரியையும் கடைசி ஒரு நிமிடத்தின் சராசரியையும் எடுத்து வகுங்கள். 1ஐ ஒட்டி வந்தால் ஒரே மூச்சில் போயிருக்கிறார். கடைசி நிமிடம் 5 சதவீதத்துக்கு மேல் மெதுவாக இருந்தால் தொடக்க வேகம் தாங்கவில்லை என்று பொருள். வேகமாக முடிந்தால் கிரெஷெண்டோவோடு (ஒலி படிப்படியாகப் பெருகுவதோடு) டெம்போவும் நழுவி ஏறியிருக்கிறது. கச்சேரிப் பதிவுகளில் இது அதிகம், இந்த இடத்தில் கைதட்டல் வாங்குவதும் அதனால்தான். அந்தக் கைதட்டல் பதிவில் இருந்தால் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். கைதட்டலுக்கும் கடைசி மூவ்மென்டுக்கும் இடையிலான இடைவெளி சிடியில் பெரும்பாலும் ஒலிப்பொறியாளரின் முடிவு, நடத்துநருடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி மூவ்மென்ட்

171 பார், மூன்று பீட், மொத்தம் 513. தொடக்கம் அடாஜியோ லமென்டோசோ, 54. நடுவில் வேகமான பகுதிகள் இருக்கின்றன, தயங்கி நிற்கும் இடங்களும் இருக்கின்றன. ம்ராவின்ஸ்கியின் சராசரி 52 வருகிறது, பெர்ன்ஸ்டைனுடையது 30.

இந்த 30 என்ன செய்கிறது என்று முதல் இரண்டு பாரிலேயே பாருங்கள். இறங்கும் அந்தத் தொடர் 54இல் 6.7 நொடி, 30இல் 12 நொடி. 7 நொடியை ஒரே பெருமூச்சாகக் காது பிடித்துக்கொள்ளும். 12 நொடியில் மெலடி என்ற உணர்வு கரைந்து ஒவ்வொரு கார்டும் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கொத்தும்) தனித்தனியே வந்து உட்காரும். நீங்கள் கேட்பது இசைவுகளின் எடையை. பெர்ன்ஸ்டைன் வேண்டித்தான் அதைச் செய்கிறார். பிடிக்கவில்லை என்றால் அது ரசனை, தவறு என்று சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கம். தொடக்க மெலடியை முதல் வயலினோ இரண்டாம் வயலினோ முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சுரம் இவர், அடுத்தது அவர் என்று மாறி மாறி எழுதியிருக்கிறார் சைக்கோவ்ஸ்கி. பின்னால் அதே மெலடி திரும்பும்போது முதல் வயலின்களுக்கே நேராக வருகிறது. இரு வயலின் குழுக்களும் இடமும் வலமும் பிரிந்து உட்கார்ந்த ஸ்டீரியோப் பதிவில், டெம்போ மெதுவாக ஆக ஆக இந்தத் தாவல் வெளிப்படையாகக் கேட்கும்; 54ஐ ஒட்டினால் ஒன்றாகக் குழைந்து ஒரே குரலாகும். எல்லா வயலின்களும் இடப்பக்கம் உட்கார்ந்த பதிவில் எந்த டெம்போவிலும் இது கேட்காது. ஆகவே உட்காரும் முறையையும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

இறுதியை நெருங்கும்போது ஒரே ஒரு கோங்கு அடி, அதைத் தொடர்ந்து டிராம்போன்களும் ட்யூபாவும் மட்டும் ஏறக்குறைய 10 பார் அடங்கிய குரலில் வாசிப்பார்கள். 54இல் அது அரை நிமிடத்துக்குச் சற்று மேல், 30இல் முழு நிமிடம். நான்கே பேர், தந்திகள் போல ஆளுக்கு ஆள் வில்லை மாற்றி மறைக்க வழியில்லை. மெதுவான பதிவுகளில் இங்கே மூச்சு இடைவெளிகளைக் கவனியுங்கள், டெம்போ வரைபடத்தில் அவை சிறு பள்ளங்களாகத் தெரியும். அதன் பின் வரும் கோடாவின் (முடிவுப் பகுதியின்) குறிப்பு ‘ஆண்டான்டே ஜூஸ்தோ’, அடாஜியோ அல்ல. பாஸ்கள் பி சுரத்தைத் துடிப்பாகத் தட்டிக்கொண்டே இருக்கும். டெம்போ அளவாக இருந்தால் அந்தத் துடிப்பு துடிப்பாகக் கேட்கும், அது நிற்கும்போது நின்றது தெரியும். அதிகம் இழுத்தால் வெறும் முணுமுணுப்பு. மூவ்மென்டின் தொடக்க டெம்போவையும் கோடாவின் டெம்போவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: கோடாவைத் தொடக்கத்தை விட மெதுவாக வாசிப்பவர் ஸ்கோருக்கு எதிர்த்திசையில் போகிறார்.

கணக்கு உதைத்தால்

பகுதிகளின் நேரத்தைக் கூட்டினால் ட்ராக்கின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்து நொடிக்குள் வித்தியாசம் என்றால் அது முன்னும் பின்னும் உள்ள மௌனம், விட்டுவிடலாம். கடைசி மூவ்மென்டில் மட்டும் பத்து, பதினைந்து நொடி வரை மௌனம் விடும் பதிவுகள் உண்டு, அதைச் சராசரியில் சேர்த்தால் டெம்போ ஒன்றிரண்டு புள்ளி குறைவாக வரும். கடைசி சுரம் அடங்கும் இடத்தில் கோட்டைப் போடுங்கள். வித்தியாசம் சரியாக ஒரு பாரின் நீளம் என்றால் எங்கோ ஒரு தட்டு தவறியிருக்கிறது. ஸ்ப்ரெட்ஷீட்டில் அக்கம்பக்கத்தை விட இரு மடங்கு நீளமான பாரைத் தேடினால் அகப்படும். இரண்டாவது மூவ்மென்டில் அரை நிமிடம் போலக் குறைந்தால் திரும்ப வாசிக்கும் குறிகளில் ஒன்றை விட்டிருக்கிறார்கள். பார் எண்ணிக்கையைத் திருத்திவிட்டு மறுபடி வகுங்கள். எதுவுமே பொருந்தவில்லை, மூவ்மென்ட் முழுவதும் ஒரே சதவீதம் விலகி நிற்கிறது என்றால் 89ஆம் பாரின் எஃப் ஷார்ப்பைத் திரும்பவும் அளந்து பாருங்கள்.